ஓரிக்கு நட்ட கல்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலத்தையும் காளப்பநாயக்கன்பட்டியையும் கடந்து, காரவள்ளி என்னும் அடிவாரத்தை அடைந்து, அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக ஏறி முடித்தபின், சமவெளியின் வெப்பம் கீழே தங்கிவிட, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் ஊடே குளிர்ந்த காற்று வந்து முகத்தில் படும் நேரத்தில், கொல்லிமலையின் தலையிடமாகிய செம்மேட்டைப் பிரயாணி அடைகிறான். அவ்வூரிலே நிற்கிறது வல்வில் ஓரியின் சிலை. ஆகாய கங்கை அருவியில் நீராடவும் அறப்பளீசுவரர் சந்நிதியில் வழிபடவும் விரைந்து செல்லும் ஜனங்களில் பலர் அதனை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தம் வழியே போய்விடுகிறார்கள். ஆனால் ஆண்டுதோறும் ஆடி மாதம் பதினேழாம் நாளும் பதினெட்டாம் நாளும் அந்த நிலைமை மாறிவிடுகிறது. அரசாங்கத்தின் சார்பில் ஓரி விழா எடுக்கப்படுகிறது. சிலைக்கு மாலை சூட்டுகிறார்கள். வில்வித்தைப் போட்டி நடக்கிறது. மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று, ஊராட்சிகளையும் ‘நாடு’ என்ற பெயராலேயே இன்றும் வழங்கிவரும் அந்த மலையின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் செம்மேட்டுக்கு வந்து கூடுகிறார்கள்.

சிலையாக நிற்கும் அவ்வீரனுடைய முகத்தை நம்மில் யாரும் அறியோம். கொல்லிமலைத் தலைவனாகிய அவன் வாழ்ந்தது சங்ககாலம். அவனை நேரிற்கண்டு எழுதிய ஓவியம் இல்லை. அவன் உருவம் பொறித்த காசு இல்லை. அவன் வெட்டுவித்த கல்வெட்டும் இல்லை. சிற்பி எதைப் பார்த்து அவனுக்கு உருவம் கொடுத்தான் என்று கேட்டால், சில பாட்டுக்களைப் பார்த்து என்றுதான் சொல்லவேண்டும். புறநானூற்றில் 152, 153, 204 என்னும் எண்களை உடைய மூன்று பாட்டுக்களும், சிறுபாணாற்றுப்படையில் வரும் சில அடிகளும், அகநானூறு நற்றிணை முதலிய தொகைநூல்களில் உவமையாகவும் குறிப்பாகவும் இடம்பெற்ற சில செய்திகளுமே ஓரியின் சரித்திரத்துக்கு நமக்குள்ள ஆதாரங்கள். ஆகவே, அந்தச் சிலையின் எதிரே நிற்பவன் அப்பாட்டுக்களின் பொருளை அறிந்திருந்தால்தான் அதனை முழுமையாகக் கண்டவன் ஆவான் என்பது என் அபிப்பிராயம்.

புறநானூற்று 152-ஆம் பாட்டைப் பாடியவர் வன்பரணர் என்னும் புலவர். அதனைப் பாட்டு என்பதைவிட ஒரு சிறிய நாடகம் என்றே கூறலாம். பாணர் கூட்டம் ஒன்று, விறலியரையும் வாத்தியங்களையும் உடன் கொண்டு, பசியோடு மலைக்காட்டு வழியே போய்க்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு வேட்டுவன் வில்லை வளைத்து ஒரே ஓர் அம்பை எய்கிறான். அந்த அம்பு யானையை வீழ்த்துகிறது; அதனோடு நில்லாமல், வாயைப் பிளந்து நின்ற புலியை ஊடுருவுகிறது; அப்பாலிருந்த புள்ளிமானை உருட்டுகிறது; உரலைப் போன்ற தலையையுடைய காட்டுப்பன்றியைச் சாய்க்கிறது; கடைசியாக, பக்கத்துப் புற்றிலே கிடந்த உடும்பின் உடலில் போய்த் தைத்து நிற்கிறது. இத்தகைய வில்லாற்றல் மனித யத்தனத்துக்கு எட்டுமா என்று ஆராய்வது இங்கே நம் வேலையன்று. அந்த ஓர் அம்பின் வழியே கொல்லிமலைக் காட்டின் விலங்கினம் முழுவதையும் பெரியதிலிருந்து சிறியது வரையில் வரிசையாக நம் கண்முன் நடத்திக் காட்டிவிடும் புலவருடைய சாதுரியத்தை நினைத்து நினைத்து வியப்பதே நம் வேலை.

நாடகத்தின் உயிர் அதற்குப் பின்னே இருக்கிறது. இவன் ஊனை விலைக்கு விற்கும் வேடனாகத் தோன்றவில்லையே, மார்பிலே ஆரம் கிடக்கிறதே, ஒருவேளை இவன்தான் ஓரியோ, அல்லது வேறு யாரேனுமோ என்று பாணர் தலைவன் தனக்குள் ஐயுறுகிறான். எதுவானாலும் ஆகட்டும் என்று விறலியரை அழைத்து, முழவுக்கு மார்ச்சனை இடச் செய்து, யாழைப் பண்ணுறுத்தி, யானைத் துதிக்கை போன்ற தூம்பை ஊதி, எல்லரியும் ஆகுளியும் பதலையும் ஒலிக்க, இருபத்தொரு துறைகளையும் முறையாகப் பாடி முடித்து, இறுதியில் ‘அரசே’ என்று விளிக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும், யானையையும் புலியையும் ஒரே அம்பினால் வீழ்த்திய அந்த மாவீரன், அது தன்னைக் குறித்த சொல்லாக இருந்தமையால், நாணித் தலைகவிழ்கிறான். நாடு நாடாகத் திரிந்து வருகிறோம், உன்னைப் போன்ற வேட்டுவனைக் கண்டதில்லை என்று அவர்கள் புகழத் தொடங்குகிறார்கள். தாம் வந்த காரியத்தைச் சொல்லவும் அவன் அவர்களுக்கு இடங்கொடுக்கவில்லை. தான் வேட்டையாடிய மானின் ஊனை வேவித்துக் கொடுக்கிறான். உருக்கிய பசுநெய் போன்ற மதுவைக் கொடுக்கிறான். தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிகளையும் கலந்து அள்ளிக் கொடுக்கிறான். அரண்மனையிலன்று, காட்டின் நடுவிலே நிகழ்ந்த கொடை இது. படைத்தலைவர்களைப் பற்றி உலகத்துப் புலவர்கள் எத்தனையோ பாடியிருக்கிறார்கள். தன் புகழைக் கேட்டு நாணிய படைத்தலைவன் ஒருவனை இத்துணை நயமாகக் காட்டிய பாட்டு வேறொன்றை நான் அறியேன்.

அடுத்த பாட்டும் வன்பரணருடையதே. ஓரியிடம் சென்ற சுற்றத்தார், குளிர்ந்த நீரிலே பூவாத குவளையாகிய மணிக்குவளை மலர்களை வெள்ளி நாரிலே தொடுத்த மாலைகளையும் அணிகலன்களையும் யானைகளையும் பெற்றுத் திரும்பினார்கள். பசி அடியோடு நீங்கியமையால் ஆடவும் மாட்டாதவர்களாய்ப் பாடலையும் மறந்துபோனார்கள் என்கிறார். பாணனுக்குப் பாட்டு மறந்துபோகும்படியாகக் கொடுத்தான் என்பதைவிடக் கொடைக்கு வேறென்ன சிறப்புச் சொல்லமுடியும்? 204-ஆம் பாட்டைப் பாடிய கழைதின் யானையார், கொடு என்று ஒருவனிடம் இரப்பது இழிவு, இல்லையென்று மறுப்பது அதனினும் இழிவு, கொள்க என்று கொடுப்பது உயர்வு, கொடுத்ததைக் கொள்ளமாட்டேன் என்பது அதனினும் உயர்வு என்று ஈகையின் இலக்கணத்தை நான்கு படிகளில் வகுத்துவிட்டு, அந்த இலக்கணத்தை ஓரியின் முன்னே வைக்கிறார். பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என்று நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் வரிசைப்படுத்திய எழுவரையே கடையெழு வள்ளல்கள் என்று நாம் சொல்லிவருகிறோம்.

அந்த எழுவரில் ஒருவனே மற்றொருவனைக் கொன்றான் என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் சோகம். பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரையும் முள்ளூர் மலையையும் உடைய மலையமான் திருமுடிக்காரி, ஓரியோடு போர்புரிந்து அவனை வீழ்த்தி, கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தான் என்று கல்லாடனார் அகநானூற்றில் (209) குறிப்பிடுகிறார். காரியின் குதிரைக்குக் காரி என்றும் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் வழங்கிற்று. தலைவனும் குதிரையும் ஒரே பெயர் தாங்கி, இரு வீரர்களும் எதிரெதிரே நின்ற அந்தப் போர்க்களத்தைச் சிறுபாணாற்றுப்படை நமக்கு நினைவூட்டுகிறது. ஓரி மாண்டபின் அவனுடைய பெருந்தெருவிலே காரி புகுந்தபொழுது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் (320) உவமையாக எடுத்தாள்கிறார். அந்தக் காரியும் சாமானியன் அல்லன். தன் நாட்டையெல்லாம் இரவலர்க்கும் அந்தணர்க்கும் கொடுத்துவிட்டவன் என்று அதே கபிலரால் பாடப்பெற்றவன். நல்லவன் ஒருவன் கையால் நல்லவன் ஒருவன் மடிந்தான். ஆதாயம் அடைந்தவன், களத்துக்கு வெளியே நின்ற மூன்றாவது அரசன்.

சேரருக்குக் கொல்லிமேல் அத்தனை ஆசை ஏன் உண்டாயிற்று என்று கேட்கலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது, கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரையில் உயர்ந்து, தலையிலே பரந்த மேட்டுநிலத்தை உடையது. பலாவும் தேனும் தினையும் சாமையும் இம்மலையின் செல்வங்கள். இவை இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கண்டாரை மயக்கும் கொல்லிப்பாவை என்ற தெய்வ வடிவம் இங்கே இருந்ததாகத் தொகைநூல்கள் பலமுறை கூறுகின்றன. சமவெளியினின்று எளிதில் ஏறமுடியாத இத்தகைய மலையைத் தன்வசம் வைத்திருப்பது கொங்குநாட்டுக்கும் காவிரிச் சமவெளிக்கும் நடுவே ஓர் இயற்கைக் கோட்டையை வைத்திருப்பதற்கு ஒப்பாகும். கரூரில் கிடைத்த சேரர் காசுகளிலே கொல்லியின் பெயரோடு சேர்ந்த அரசர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வந்த குலசேகர ஆழ்வாருங்கூடத் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டார். ஓரியிடமிருந்து பறித்த மலை, பறித்தவர் வம்சத்துக்கு விருதாகவே அமைந்துவிட்டது.

வென்றவர்கள் பெயர் பட்டயத்திலும் காசிலும் ஏறிற்று. தோற்றவன் பெயர் ஏட்டுச்சுவடிகளில் மறைந்து கிடந்தது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டு வெளிப்படுத்திய பிறகே, ஓரி என்றொருவன் கொல்லியில் வாழ்ந்து ஈந்து மாண்டான் என்ற செய்தி படித்த தமிழர் எல்லாருக்கும் தெரியவந்தது. செல்லரித்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி அலைந்த அந்தப் பெரியவர் இந்நூல்களின் சுவடிகளைக் கண்டெடுத்திராவிட்டால், செம்மேட்டில் இன்று சிலை வைக்க நமக்குப் பெயரே அகப்பட்டிராது. மலைமேல் அறப்பளீசுவரர் ஆலயத்தை எழுப்பியவன் ஓரியே என்று மலைவாசிகளிடையே ஓர் ஐதிகம் வழங்குகிறது. சங்கப் பாட்டுக்களில் அதற்குச் சான்று இல்லை. ஆனால் ஒரு தலைவனைத் தாம் வணங்கும் தெய்வத்தின் சந்நிதியோடு இணைத்துச் சொல்லிவரும் ஜனங்களின் அன்புக்குச் சான்று வேறு வேண்டுவதில்லை.

போரில் வீழ்ந்தவனுக்குச் சின்னம் எழுப்புவது தமிழர் அயல்நாட்டாரிடம் கற்றுக்கொண்ட வழக்கம் அன்று. ஆநிரை மீட்டும் பகைவரைத் தடுத்தும் மாண்ட வீரனுக்குக் கல் நாட்டி, அவன் பெயரையும் பெருமையையும் அதிலே எழுதி, மயிற்பீலி சூட்டி, கள்ளும் உணவும் படைத்து வழிபட்ட செய்தி சங்கநூல்களிலே பலவிடங்களில் வருகிறது. அதியமான் நெடுமானஞ்சி இறந்தபின் அவனுக்கு நட்ட கல்லைக் கண்டு ஒளவையார் அழுத அழுகை புறநானூற்றைப் படித்தவர்களுக்கு மறக்கக்கூடியதன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் வெளிப்பட்ட நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தைத் தாங்கியவை; ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனை அவற்றுள் ஒரு கல் குறிப்பிடுகிறது. செங்கம், தருமபுரி பிரதேசங்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் வட்டெழுத்தோடு வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. அவற்றில் பொறிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அரசர் அல்லர். ஊருக்காக உயிர்விட்ட சாமானிய மறவர்.

இதற்குத் தொல்காப்பியர் ஒரு முறைமையே வகுத்திருக்கிறார். தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி; அதனைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள்; நீரிலே ஆட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை; உரிய இடத்தில் நிறுத்துவது நடுதல்; அதற்குச் சிறப்புச் செய்து படையலிடுவது பெரும்படை; கடைசியில் வீரனைப் பாடுவது வாழ்த்து. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்தினின்று கல் கொண்டுவந்த கதையைச் சொல்லும்போது, இளங்கோவடிகள் வஞ்சிக்காண்டத்தின் காதைகளுக்கு இந்தத் துறைகளின் பெயர்களையே பெரும்பாலும் சூட்டினார். இந்த ஆறையும் ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கல்லை நடுவது நான்காவது படியே ஆகும். கல் நின்றுவிட்டதோடு காரியம் முடிந்துவிட்டது என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. அதற்குப் பின்னே படையலும் பாட்டும் இருந்தன, அவை திரும்பத் திரும்ப நிகழவேண்டியவை. ஒருமுறை திறப்புவிழாச் செய்து திரையை விலக்கிவிட்டு, பிறகு சிலையைப் பறவைகளுக்கு விட்டுவிடுகிற நகரத்துப் பழக்கத்துக்கும் இதற்கும் எத்தனை தூரம்! செம்மேட்டில் ஆண்டுதோறும் ஓரிக்கு மாலை சூட்டி விழா எடுப்பதை நான் அந்த ஐந்தாவது படியின் தொடர்ச்சியாகவே காண்கிறேன். மலைவாசிகளுக்குத் தொல்காப்பியச் சூத்திரம் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. சூத்திரமே ஜனங்களின் வழக்கத்தைப் பார்த்து எழுந்ததுதானே.

விழாவின் நாளும் எண்ணிப்பார்க்கத் தக்கது. ஆடிப் பதினெட்டு என்பது காவிரியின் புதுவெள்ளத்தை மக்கள் கொண்டாடும் ஆடிப்பெருக்கு. கொல்லிமலையில் ஐயாறு ஆகாய கங்கையாய் வீழ்ந்து, மலையிறங்கிக் கடைசியில் காவிரியோடு சேர்கிறது. அன்றைய தினம் கொங்குநாட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் மலையேறி வந்து அருவியில் நீராடி அறப்பளீசுவரரைத் தரிசிக்கிறார்கள். அதே நாளில், கொல்லிக்கு மேற்கே சங்ககிரியிலும் ஒரு கூட்டம் கூடுகிறது. அங்கே அஞ்சலி பெறுபவர் தீரன் சின்னமலை.

தீர்த்தகிரி என்னும் இயற்பெயர் கொண்ட அவர், காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்தவர். கொங்கிலிருந்து மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை இருந்து பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல் என்று அவர் கூறியதாகவும், அதனாலேயே அப்பெயர் நிலைத்ததாகவும் கொங்குநாட்டார் சொல்லிவருகிறார்கள். பின்னர் அந்த மைசூர் அரசனாகிய திப்பு சுல்தானுக்கே அவர் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்ப்பதில் துணையாக நின்றார். 1799 மே மாதம் 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகு, அரச்சலூருக்கு அருகே ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு, பாளையக்காரர்களை ஒன்று திரட்டிக் கும்பினிப் படையோடு தொடர்ந்து போரிட்டார். 1800 ஜூன் மாதத்தில் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கும் முயற்சியிலும் கொங்குப் படைகள் ஈடுபட்டன. நேருக்கு நேர் நின்று பிடிக்கமுடியாத அவரைக் கடைசியில் சூழ்ச்சியால் பிடித்தார்கள் என்றும், வீட்டுச் சமையற்காரன் ஒருவனே காட்டிக்கொடுத்தான் என்றும் வழிவழிச் செய்தி கூறுகிறது. 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் அவரையும் அவருடன் பிறந்தோரையும் தூக்கிலிட்டார்கள். ஓடாநிலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. சென்னைக் கிண்டியில் சிலை இருக்கிறது. இருநூறாவது நினைவாண்டில், 2005 ஜூலை 31 அன்று, மத்திய அரசு அவர் பெயரில் தபால்தலை வெளியிட்டது.

அந்தத் தேதியைப் பார்க்கும்போது வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் எழக்கூடும். ஆடிப் பதினெட்டு என்பது இக்காலத்தில் ஆகஸ்டு 2 அல்லது 3-ஆம் தேதியில் அல்லவா வருகிறது. சின்னமலையின் நினைவு நாள் ஜூலை 31 ஆவது எப்படி? நம் பஞ்சாங்கத்தின் சௌர வருஷம் நட்சத்திரங்களை ஆதாரமாகக் கொண்டது. ஆங்கில வருஷம் பருவங்களை ஒட்டியது. முன்னது பின்னதைக் காட்டிலும் சுமார் இருபது நிமிஷம் நீண்டது. ஆகவே ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தமிழ் மாதப் பிறப்பு ஆங்கிலத் தேதியில் பின்னே தள்ளிக்கொண்டு போகிறது. 1805-இல் ஆடிப் பதினெட்டு ஜூலை 31-இலேயே வந்தது. ஆக, தபால்தலை ஒரு கணக்கையும் ஊர்ஜனங்கள் மற்றொரு கணக்கையும் பின்பற்றினாலும், இருவரும் நினைவுகூர்வது ஒரே நாளைத்தான். காவிரிக்கரை நெடுகப் பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் மங்கல நாளிலே அந்த வீரர் தூக்குமேடை ஏறினார் என்பதைக் கொங்குநாட்டு மக்கள் மறக்கவில்லை. ஆடிப்பெருக்கு வந்தால் நீரையும் நினைப்பார்கள், அவரையும் நினைப்பார்கள்.

தேச விடுதலைக்குப் போராடிய படைத்தலைவர் என்ற பெயர் சின்னமலைக்குப் பூரணமாகப் பொருந்தும். ஓரிக்கு அதனை அப்படியே சூட்டுவது சரித்திரத்துக்கு நியாயம் செய்வதாகாது. அவன் காலத்தில் அந்நியர் ஆட்சி என்ற பேச்சே இல்லை. அவனை எதிர்த்தவனும் தமிழன், மலையைப் பெற்றுக்கொண்டவனும் தமிழரசன். மேடைகளில் உற்சாக மிகுதியால் இருவரையும் ஒரே அடைமொழியால் குறிப்பவர்கள், ஓரியின் தனிச்சிறப்பையே மறைத்துவிடுகிறார்கள். ஆயினும் இருவருக்கும் உள்ளூர ஓர் உறவு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. மூவேந்தரின் முடிகள் வளர வளர, சின்னஞ்சிறு மலைநாடுகள் ஒவ்வொன்றாக விழுங்கப்பட்ட காலத்தில், பாரியின் பறம்பு போயிற்று, ஓரியின் கொல்லி போயிற்று, அதியமானின் தகடூர் போயிற்று. கும்பினியின் கொடி வளர வளர, பாளையங்கள் ஒவ்வொன்றாக விழுங்கப்பட்ட காலத்தில், 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள், 1805-இல் சங்ககிரி. பெரியதன்முன் தன் சிறிய நிலத்தை விட்டுக்கொடாமல் நின்றதுதான் இவர்கள் எல்லாரும் செய்த செயல்.

தென் அமெரிக்க நாடுகளுக்கு விடுதலை வாங்கித் தந்த சிமோன் பொலிவாருக்குக் காரகாஸ் நகரில் 1874-இல் குதிரைமேல் அமர்ந்த சிலை நிறுவினார்கள். அவர் வென்றவர், அவர் வாளினால் தேசங்கள் பிறந்தன, அங்கே சின்னம் வெற்றிக்கு எழுந்தது. தமிழ்நாட்டிலோ, நாம் மிகுந்த அன்போடு சிலை வைத்து வணங்கும் படைத்தலைவர்களில் அநேகர் தோற்றவர்கள். தூக்கிலும் போர்க்களத்திலும் உயிர்நீத்தவர்கள். நடுகல்லும் வென்றவனுக்கு நட்டதன்று, வீழ்ந்தவனுக்கு நட்டதே. இந்த விஷயத்தில் நம் ஜனங்களின் மனம் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே வழியில் சென்றிருக்கிறது.

ஓரி விழாவைப் பற்றிப் பேசும்போது, விழாவுக்கு உரியவர்களான மலைவாசிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மலையாளிகள் என்று அவர்களுக்குப் பெயர். மலையை ஆள்பவர் என்ற பொருளிலே வழங்குவது அது, கேரள தேசத்தாரைக் குறிப்பதன்று. தங்கள் மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்றும், அவர்கள் பிரிந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லி ஆகிய மலைகளில் குடியேறினார்கள் என்றும் அவர்களிடையே ஒரு வரலாறு வழங்குகிறது. அப்படியானால் ஓரியின் குடிமக்களுடைய நேர்ச் சந்ததியார் இவர்கள் அல்லர் என்று ஒருவர் வாதிக்கலாம். அந்த வாதம் எனக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் அந்தச் சரிவுகளில் விடாமல் விதைத்து வந்தவர்கள் அவர்கள். இக்காலத்தில் மிளகும் காப்பியும் அன்னாசியும் மரவள்ளியும் அந்த நிலங்களைப் பிடித்துக்கொண்டுவர, பழைய தானியங்களின் வித்துக்களைப் பேணிக் காத்துவருபவர்களும் அவர்களே. மலையோடு சேர்த்து மலையின் தலைவனையும் அவர்கள் தங்களுடையவனாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உறவுக்கு அதைவிட உறுதியான பத்திரம் எது?

இந்த விழாவில் நான் மிகவும் மதிப்பது வில்வித்தைப் போட்டியை. ஓரியின் வில்லாற்றலைப் பேச்சினால் மாத்திரம் புகழ்ந்துவிட்டுப் போகாமல், அவன் சிலை நிற்கும் மலையிலேயே இளைஞர்கள் நாணேற்றி அம்பெய்வது எவ்வளவு பொருத்தமான மரியாதை! ஆனால் அவன் வில் ஓர் அங்கம். அவன் நாணமும் கொடையும் மற்றோர் அங்கம். அம்புக்குப் போட்டி இருப்பதுபோலப் பாட்டுக்கும் ஓர் இடம் விழாவில் நிலையாக வேண்டும். தொல்காப்பியர் சொன்ன ஆறாவது படியாகிய வாழ்த்து அதுதான். வன்பரணர் பாடிய இரண்டு பாட்டுக்களையும் கழைதின் யானையார் பாடிய ஒன்றையும் மலைமேலுள்ள பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் மனப்பாடம் செய்து, ஆடிப் பதினெட்டு அன்று சிலைக்கு மாலை விழுந்தவுடனே, வேறெந்தச் சொற்பொழிவுக்கும் முன்னதாக, கூட்டத்தார் கேட்கும்படி உரக்கப் பாடவேண்டும். பொருளும் எளிய தமிழில் சொல்லவேண்டும். மூன்று பாட்டுக்களும் சேர்ந்து அறுபது எழுபது அடிகளுக்குமேல் இல்லை. ஆனி மாதத்தில் பள்ளியில் தொடங்கினால் விழாவுக்குள் பிள்ளைகளுக்குப் பாடமாகிவிடும். பாடுகிற பிள்ளைகளோடு முழவுக்கும் யாழுக்கும் ஈடாக அம்மலையில் இன்று வழங்கும் பறையையும் குழலையும் கூட்டிக்கொண்டால், வன்பரணரின் பாணர் கூட்டம் எந்த மண்ணில் நின்று பாடியதோ அந்த மண்ணிலேயே அப்பாட்டு மறுபடி எழும்.